'எளிமையான' என்று எழுதிவிடாதீர்கள்: மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்தியும் அறிக்கையும் பெயர்த்துத் தரும் நண்பர்களுக்கும், அகராதி தொகுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

22 வருடங்களாக இதே ஊரில் இதே வேலையைச் செய்துவருகிறேன். மருந்துச் சீட்டு விளக்கம், வங்கிப் படிவம், மாநாட்டுக் கட்டுரை, நாளிதழின் உள்பக்கம் என்று கைக்கு வந்ததையெல்லாம் பெயர்த்திருக்கிறேன். இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக இந்த மடலை எழுதுகிறேன். 'சிம்ப்ளிஸ்டிக்'. இதைக் கண்ட இடத்தில் 'எளிமையான' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நாம் விட்டுவிட வேண்டும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீள மடலா என்று நீங்கள் கேட்கலாம். என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். நான் குடியிருப்பது மடிப்பாக்கம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, மின்சாரம் போய், கீழ்த்தளத்து வீட்டுக்காரர்கள் மாடியில் வந்து தங்கினார்கள். தண்ணீர் வடிந்து, சேறெல்லாம் கழுவி முடித்தபின், குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தது: நமக்குத் தெரிந்த, விஷயம் அறிந்த ஒருவரிடம் கேட்டு ஓர் அறிக்கை வாங்கி, அதை வைத்து மனு கொடுக்கலாம். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். வேலைபார்த்த காலமெல்லாம் நீர்வழிகளோடு பழகியவர். அவர் ஒன்பது பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். தெருப் பையன் ஒருவன் அதைத் தமிழாக்கினான். இரவோடு இரவாக அதைச் சரிபார்த்துத் தந்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். செயலாளர் தமிழ் அறிக்கையை வாசித்துக்கொண்டே வந்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: 'தெருவோர வடிகாலை இன்னும் ஆழப்படுத்துவது ஓர் எளிமையான தீர்வாகும்.' வாசித்து முடித்ததும் கைதட்டல். "பார்த்தீங்களா, இன்ஜினியரே சொல்லிட்டார், வேலை ரொம்ப சிம்பிள். கவுன்சிலரைப் பிடிச்சா ரெண்டு மாசத்துல முடிஞ்சுடும்" என்றார் ஒருவர். அங்கேயே மனுவுக்கு வாசகம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பொறியாளர் இரண்டாவது வரிசையில் இருந்தார். கூட்டம் கலையும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னிடம் வந்து, தமிழ்த் தாளில் அந்த வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் வேண்டாம்னு எழுதினேன். இதுல வேணும்னு இருக்கே" என்றார். கோபமே இல்லாத குரல். ஆங்கிலத் தாளை எடுத்துப் பார்த்தேன். 'சிம்ப்ளிஸ்டிக்' என்று இருந்தது. அதை நான் படித்திருக்கிறேன், பொருளும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரவில் கண் அதன்மேல் ஓடிப் போய்விட்டது. 'சிம்ப்ளி' என்ற முதல் பாதியைப் பார்த்ததுமே மனம் 'எளிமை' என்று டிக் அடித்துவிட்டது.

அவர் ஏன் வேண்டாம் என்று எழுதினார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் பொருள் முழுக்க அதற்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்து மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். சுற்றுவட்டார ஏரிகள் பலவற்றின் உபரித் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நின்றால், கால்வாயும் நிரம்பி நின்றால், சதுப்புநிலத்துத் தண்ணீர் போக வழி தேடிக்கொண்டு நிற்கும். அந்தச் சதுப்புநிலமும் பழைய பரப்பில் இல்லை. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதைத் தின்றது போக மீந்ததில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவே எங்கள் தெருவின் வடிகாலை மட்டும் நான்கு அடி ஆழமாக்கினால் என்ன ஆகும்? வடிகாலின் அடிமட்டம் அது போய்ச் சேரும் இடத்தைவிடக் கீழே இறங்கிவிடும். கொத்தனாரைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்லுவார்: வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. வாட்டம் இல்லாத வடிகாலில் எவ்வளவு ஆழம் இருந்தாலும் தண்ணீர் நிற்கும், ஓடாது. மழைக்கு முன்பே கொசு வளர ஒரு நீளத் தொட்டி கட்டிக்கொண்டதாக ஆகும்.

இத்தனையையும் மனதில் வைத்துத்தான் அவர் அந்தத் தீர்வை 'சிம்ப்ளிஸ்டிக்' என்றார். பல காரணங்கள் பின்னிக் கிடக்கிற ஒரு விஷயத்தை, அந்தப் பின்னலைப் பார்க்காமல், ஒன்றே ஒன்றாகச் சுருக்கிப் பேசுவது. அதுதான் பொருள். அந்தச் சொல் எப்போதும் குறை சொல்லும் சொல். ஆங்கிலத்தில் ஒருவருடைய வாதத்தை அப்படிச் சொன்னால், 'நீங்கள் விஷயத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். 'சிம்பிள்' என்பது வேறு. அதில் பாராட்டும் இருக்கலாம், வெறும் விவரிப்பும் இருக்கலாம். நீளமாக இருப்பதால் கொஞ்சம் கௌரவமான 'சிம்பிள்' என்று நினைத்து 'சிம்ப்ளிஸ்டிக்'கைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் உண்டு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அடுக்குமாடி விளம்பரம் ஒன்றில் 'சிம்ப்ளிஸ்டிக் டிசைன்' என்று பெருமையாகப் போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வீட்டை யோசிக்காமல் கட்டியிருக்கிறோம் என்று விற்கிறவரே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

சொல்லின் வேரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லத்தீனில் 'சிம்ப்ளெக்ஸ்' என்றால் ஒற்றை மடிப்பு. 'டூப்ளெக்ஸ்' இரண்டு மடிப்பு. நம்மிடமும் இதே எண்ணம் இருக்கிறது. மடங்குவதிலிருந்துதான் இருமடங்கு, மும்மடங்கு எல்லாம் வந்தன. 'காம்ப்ளெக்ஸ்' என்பது சேர்த்துப் பின்னியது. ஆறு கஜப் புடவையின் கொசுவத்தை முன்னால் நின்று பார்த்துவிட்டு, 'இதில் ஒரு மடிப்புத்தான் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் எப்படியோ அப்படித்தான் சிம்ப்ளிஸ்டிக்கான பேச்சு. கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு உண்மையானதுதான். உள்ளே போன மடிப்புகளை அவர் எண்ணவில்லை.

இன்னொரு சுவையான விஷயமும் இருக்கிறது. பழைய ஆங்கிலப் புழக்கத்தில் 'சிம்பிள்' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஒற்றை மூலிகை மருந்து என்று ஒரு பொருள் இருந்தது. மூலிகைகளைத் தேடி ஆராய்கிறவரை 'சிம்ப்ளிஸ்ட்' என்றார்கள். இப்போது நாம் பேசுகிற சொல்லையும் அந்தக் குடும்பத்தோடு சேர்த்துக் காட்டுகிற அகராதிகள் உண்டு. நாட்டு மருந்துக்கடை உள்ள தெருவில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது. 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்கிறோம். சுக்கு நல்ல மருந்துதான். எலும்பு முறிவுக்கும் சுக்கு என்று ஒருவர் சொன்னால், அங்கே சுக்கின் மேல் குற்றமில்லை. 'சர்வரோக நிவாரணி' என்று நாம் கிண்டலாகச் சொல்கிற இடம் அதுதான்.

இப்போது தமிழ்ப் பக்கம் வருகிறேன். என் ஆதங்கம் முக்கியமாக இங்கேதான். 'எளிமை' என்ற சொல்லுக்குப் பழைய வழக்கில் வறுமை, தாழ்வு என்ற பொருளும் உண்டு. ஆனால் இன்று அது நம்மிடம் மிகப் பெரிய மரியாதைச் சொல். காமராசரின் எளிமை, கக்கனின் எளிமை என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்தே சொல்லி வளர்ந்திருக்கிறோம். எளிமையான கல்யாணம், எளிமையான நடை, எளிமையான மனிதர். எல்லாமே பாராட்டு. இந்தச் சொல்லை எடுத்து, கண்டிக்கிற ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வைத்தால், வாக்கியம் தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. அதனால்தான் இது மற்றப் பிழைகளைவிட மோசமானது. 'ஓவர்லி சிம்ப்ளிஸ்டிக்' என்று வந்தால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்திலேயே அது கூறியது கூறல். அளவுமீறல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் 'மிகவும் எளிமையான' என்று எழுதி, எழுதியவர் இரண்டு மடங்காகக் கண்டித்ததை இரண்டு மடங்கு பாராட்டாக மாற்றிவிடுகிறோம்.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு அட்டை அச்சடித்தார்கள். ஒரு பக்கம் தமிழ், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக மறுபக்கம் ஆங்கிலம். நாற்பது வருடம் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போன மனிதர். 'எளிமையாக வாழ்ந்தார்' என்று தமிழில் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் அவர் 'சிம்ப்ளிஸ்டிக்' ஆன வாழ்க்கை வாழ்ந்ததாக அச்சாகியிருந்தது. அட்டையைக் கையில் வாங்கிய பேத்தி அந்த வரியைப் படித்துவிட்டு, அதைத் திருப்பித் தமிழ்ப் பக்கம் மேலே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மனமில்லை. நம்மில் யாராகவும் இருக்கலாம்.

சரி, 'எளிமையான' வேண்டாம் என்றால் வேறு என்ன எழுதுவது? சிலர் 'தவறான' என்று எழுதுகிறார்கள். அதுவும் பொருந்தாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'செம்பரம்பாக்கத்தைத் திறந்தார்கள், ஊர் மூழ்கியது' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது பொய்யா? இல்லை. அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. இந்தியக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறித்தது. ஆனால் அடையாற்றுக்கு வேறு ஏரிகளிலிருந்தும் தண்ணீர் வந்தது, ஆற்றின் வெள்ளப்பரப்பில் வீடுகள் நின்றன, முகத்துவாரத்தில் மணல் இருந்தது, அதற்கு முன் நவம்பர் மாதம் முழுக்கப் பெய்த மழையில் நிலம் ஊறிக் கிடந்தது. ஒருவர் அந்த ஒற்றை வரி விளக்கத்தை 'சிம்ப்ளிஸ்டிக்' என்று சொன்னால், ஏரியைத் திறந்ததை அவர் மறுக்கவில்லை. 'இது ஒன்றே போதாது' என்கிறார். இதை நாம் 'தவறான விளக்கம்' என்று பெயர்த்தால், ஏரியை நிர்வகித்தவர்கள் மேல் தப்பே இல்லை என்று அவர் சொன்னதாக மறுநாள் சண்டை வரும். கருத்து மாறுபாடு உள்ள விஷயங்களில்தான் இந்தச் சொல் அதிகம் வருகிறது என்பதால் ஆபத்தும் அதிகம்.

'குழந்தைத்தனமான' என்பது இன்னொரு கோடி. அது ஆளைத் திட்டுகிறது. மூலம் கருத்தைத்தான் குறை சொல்கிறது, ஆளை அல்ல. 'எளிமைவாதம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; அதைக் கேட்டால் கதர் கட்டி, ராட்டை நூற்று வாழ்கிற கொள்கை மாதிரி இருக்கிறது. 'மிகையெளிமை' என்பது ஆய்வுக் கட்டுரைக்கு ஏற்றது, அங்கே விளக்க இடமுண்டு. எங்கள் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்திருந்தால், 'மிகை' காதில் விழாமல் 'எளிமை' மட்டும் விழுந்திருக்கும். அதே கைதட்டல் கிடைத்திருக்கும்.

என் அனுபவத்தில், ஒரே சொல்லைத் தேடுவதை நிறுத்தினால் வழி கிடைக்கிறது. தமிழில் இந்தக் குறையைச் சொல்ல நமக்கு எத்தனையோ வகை இருக்கிறது. வாயைத் திறந்தால் தினமும் சொல்கிறோம். 'போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.' 'எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா?' 'ஒரே போடாகப் போட்டுவிட்டார்.' 'மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்.' இவற்றில் கருத்துக்கும் இடத்துக்கும் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். வாதத்தைப் பற்றிய வாக்கியமானால் 'மேலோட்டமான வாதம்' பெரும்பாலும் போதும். காரணத்தைப் பற்றியதானால் 'ஒரே காரணத்தில் அடக்கப் பார்க்கும் விளக்கம்'. தீர்வைப் பற்றியதானால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்: 'பிரச்சினையின் முழு அளவைக் கணக்கில் கொள்ளாத தீர்வு'. சர்க்கரை நோய் பற்றிய ஒரு மருத்துவக் கட்டுரையில், அரிசியை மட்டும் குற்றம் சொல்வது சிம்ப்ளிஸ்டிக் என்று வந்தது. பரம்பரை, உடலுழைப்பு, எடை, தூக்கம், மொத்தத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று அந்த மருத்துவர் பின்னால் நான்கு பத்தி எழுதியிருந்தார். நான் 'அரிசியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு விட முடியாது' என்று எழுதினேன். பெயரடை போய்விட்டது, வினையாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது வந்துவிட்டது.

இதற்கு நேரம் வேண்டும் என்று செய்தி அறை நண்பர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு இடம் நான்கு வரிதான் என்று பக்கம் கட்டுகிறவர் நிற்பார். திரையின் கீழே ஓடுகிற வரியில் 'பிரச்சினையின் முழு அளவைக் கணக்கில் கொள்ளாத' என்பதற்கு இடமே இருக்காது. அந்த நேரத்தில் 'போதாது' என்ற ஒரே சொல் உங்களுக்கு உதவும். 'வடிகாலை ஆழப்படுத்தினால் மட்டும் போதாது: நிபுணர்.' தலைப்புக்கும் இது நிற்கும். இப்போதெல்லாம் முதல் வரைவை இயந்திரம் போட்டுத் தருகிறது. என் திரையில் அது பல முறை 'எளிமையான' என்றே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அந்தச் சொல் வரைவில் கண்ணில் பட்டால் ஒரு நொடி மூலத்தைத் திரும்பிப் பாருங்கள். இதைத்தான் உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்.

அகராதி தொகுக்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக 1936இல் முடிந்தது; பின்னர் அதே பல்கலைக்கழகம் ஆங்கில – தமிழ்ச் சொற்களஞ்சியமும் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட உழைப்பு நடந்த ஊர் இது. இன்று புதிதாகத் தொகுக்கிறவர்கள், இந்த மாதிரிச் சொற்களுக்கு நேர்ச்சொல்லோடு அதன் தொனியையும் குறித்துத் தர வேண்டும். 'குறையாகச் சொல்லப்படுவது' என்று இரண்டே சொல் சாய்வெழுத்தில் பக்கத்தில் இருந்தாலே போதும், அந்த இரவில் அது என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கும். கூடவே ஒரு முழு வாக்கியம் எடுத்துக்காட்டாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதிகளில் இது இன்னும் அவசரம். 'சிம்பிள்', 'சிம்ப்ளிஃபை', 'சிம்ப்ளிஸ்டிக்' மூன்றையும் ஒரே மூச்சில் படித்து ஒரே பொருளாக மனதில் பதிய வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள்தான் நாளைக்கு நம் மேசையில் உட்காரப் போகிறார்கள். எளிமைப்படுத்துவது ஆசிரியரின் திறமை என்றும், அளவுக்கு மீறி எளிமைப்படுத்தினால் பாடமே மாறிவிடும் என்றும் அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திருத்தி, மறுநாள் காலையில் எண்பது பிரதி எடுத்து, பையனையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தேன். மாற்றிய வரி இது: 'தெருவோர வடிகாலை ஆழப்படுத்தினால் மட்டும் போதும் என்பது, தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பார்க்காமல் சொல்லும் தீர்வு.' சிலர் வாங்கிப் படித்தார்கள், சிலர் கேட்டுக்குள் செருகிவிட்டுப் போகச் சொன்னார்கள். மனுவின் முதல் வரைவை அதற்குள் இரண்டு பேர் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டிருந்தார்கள். பொறியாளர் வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்து 'பார்க்காமல்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கணக்கிடாமல்' என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதுதான் சரி. மறுபடியும் எண்பது பிரதி எடுத்தோம்.

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்